வேகம் என்னும் ஒற்றை அளவுகோல்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் வழியாக வந்தது. டெலிபோன் லைனில் மோடம் கிறீச்சிட்ட அந்தக் காலத்தில் ஒரு படம் முழுதாகத் திறப்பதே பெரும்பாடு. வேகம்தான் முதல் குறை. அதனால் வேகமே அளவுகோலும் ஆனது. 2004-இன் அரசுக் கொள்கை, 256 கிலோபிட் பதிவிறக்க வேகம் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்றது. 2023-இல் அந்த வரம்பு 2 மெகாபிட் ஆனது. எண் மாறியது, பார்வை மாறவில்லை. பதிவேற்றமும் தாமதமும் அந்த வரையறையில் வரவே இல்லை. விளம்பரங்களும் அதே தடத்தில் ஓடின.

ஆன்லைன் விளையாட்டுக்கும் வீட்டிலிருந்து வேலைக்கும் தேவை வேறு. அங்கே தாமதமும் பதிவேற்றமும் முக்கியம். சேவையகம் சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையையும் சிங்கப்பூரையும் 2002 முதல் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்பவே 32 மில்லிவிநாடி ஆகிவிடும். ஆயிரம் மெகாபிட் திட்டம் போட்டாலும் இந்த வழியில் பிங், அதாவது தரவு போய்த் திரும்பும் நேரம், அதற்குக் கீழே இறங்காது. அப்படியானால் எந்த நிறுவனமானாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அல்ல. கடல் எல்லாருக்கும் பொது. தெரு பொது அல்ல. இழை வீடுவரை வருகிறதா, தெருமுனையோடு நின்று செம்புக்கம்பியாகிறதா, மாலை நெரிசலில் வரிசை எவ்வளவு நீள்கிறது, வீடியோ கூட்டத்துக்குப் பதிவேற்றம் போதுமா என்பவற்றில்தான் நிறுவனங்கள் வேறுபடுகின்றன. ஆகவே இணைப்பு வாங்குமுன், அதே தெருவில் அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவரிடம் இரவு ஒன்பது மணி பிங்கை விசாரியுங்கள்.