கல்வராயன் மலையில் காட்டுயிர் காணல்

கல்வராயன் மலை தமிழ்நாட்டிலுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகும். இதன் வடபகுதி சின்னக் கல்வராயன் எனவும் தென்பகுதி பெரிய கல்வராயன் எனவும் வழங்கப்படுகின்றது. மலையின் பெரும்பகுதி, 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேலம் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. மலையாளிப் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர்.

பாதுகாப்பு நிலை

தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்களான கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகியவற்றுள் இம்மலை அடங்காது. இங்குள்ள காப்புக்காடுகளை வனத்துறை நிர்வகிக்கின்றது. அவற்றினுள் செல்ல முன் அனுமதி தேவை. பூங்காவாக அறிவிக்கப்படாவிடினும், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கும் பொருந்தும்.

பருவம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களாகிய கூதிர்காலத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்கின்றது. அப்போது நீர் எங்கும் கிடைப்பதாலும் புதர்கள் அடர்வதாலும் விலங்குகள் எளிதில் தென்படா. மாறாக, இது வலசைப் பறவைகள் தென்னிந்தியாவுக்கு வரும் காலமாகும். சாம்பல் வாலாட்டி, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் ஆறுமணிக்குருவி முதலியன அவற்றுட் சில. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி இப்பெயர் பெற்றது. எனவே கூதிர்காலப் பயணத்தைப் பறவைகளுக்காகவும், விலங்குகளுக்கான பயணத்தை இலையுதிர்ந்து நீர்நிலைகள் சுருங்கும் கோடையிலும் திட்டமிடுதல் பொருத்தமாகும்.

பயணம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையிலுள்ள வெள்ளிமலையை அடையலாம். அடிவாரத்தில் கோமுகி அணை உள்ளது. அண்மையிலுள்ள தொடருந்து நிலையங்களுள் சின்னசேலமும் ஒன்று. மேல்மலையில் பெய்யும் மழையால், கீழே வானம் தெளிந்திருக்கும்போதும் ஓடைகளில் திடீர் வெள்ளம் வரக்கூடும். ஆதலால் மழைக்காலத்தில் மேகம், பெரியார் முதலிய அருவிகளில் இறங்குதல் ஆபத்தானது.