பெறுநர் இடத்தில் யார் பெயர்?

சுற்றுலா போய் வந்த மறுவாரம் பிள்ளைகளை நன்றிக் கடிதம் எழுத வைப்பது நான் வேலை பார்த்த பள்ளியில் வழக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று பரீட்சைக்கும் ஆச்சு, மரியாதை பழகவும் ஆச்சு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்த வருடம் மட்டும் பெறுநர் இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று வகுப்பில் ஒரே சத்தம்.

கேள்வி நியாயமானதுதான். அந்த அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. முதலில் பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். அப்போது அது இருந்தது கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். 1854-இல்தான் பாந்தியன் சாலைக்கு வந்தது. உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கூண்டில் வைத்துக் கூட்டம் சேர்த்த மனிதர் அவர். மிருகங்கள் பெருகி, 1863-இல் பீப்பிள்ஸ் பார்க்குக்குத் தனியாகப் போயின. சென்னைச் சனம் மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ் என்றும் இதற்குச் செத்த காலேஜ் என்றும் பெயர் வைத்தது. எந்தப் பேராசிரியரும் இவ்வளவு கச்சிதமாகப் பெயர் வைத்திருக்க மாட்டார்!

பாதிப் பேர் திமிங்கல எலும்புக்கூட்டுக்குத்தான் நன்றி எழுதினார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் வேறு மாதிரி எழுதினான். ஆதிச்சநல்லூர்ச் சாமான்கள் எங்கள் ஊர்ப்பக்கத்து மண்ணில் கிடைத்தவை, அவற்றைத் தோண்டி எடுத்தது யார், அவர்கள் பெயர் ஏன் கண்ணாடிப் பெட்டியில் இல்லை என்று கேட்டிருந்தான். நன்றிக் கடிதத்தில் கேள்வி கேட்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவருக்குச் சங்கடம். எனக்கோ அந்த ஒரு கடிதம்தான் வரலாற்றுப் பாடமாகத் தெரிந்தது.

ஆதிச்சநல்லூர் பறம்பு 114 ஏக்கர். 1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899-இலிருந்து சில வருடங்கள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் எல்லாம் எழும்பூர் வந்தன. இரண்டு துரைகளின் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. தாழியை உடையாமல் மண்ணிலிருந்து தூக்கிய கைகள் யாருடையவை?

செப்புத் திருமேனிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். பலவும் உழும்போதோ அஸ்திவாரம் வெட்டும்போதோ அகப்பட்டவை. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் மண்ணில் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தவர்களால்தான் பல சிலைகள் உருக்குப் பட்டறைக்குப் போகாமல் தப்பின. பெட்டிமேல் உள்ள சீட்டில் ஊரும் நூற்றாண்டும் இருக்கும். மண்வெட்டி பிடித்தவர் பெயர் இருக்காது. அதையும் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

பையனின் கடிதத்தில் சந்திப்பிழையை மட்டும் திருத்தி, கேள்வியைத் தொடாமல் மற்றவற்றோடு தபாலில் சேர்த்தேன். பதில் வரவில்லை.

2023-இல் ஆதிச்சநல்லூரிலேயே தள அருங்காட்சியகம் திறந்தார்கள். குழிக்குள் தாழிகள் கிடந்தபடியே கிடக்கின்றன, மேலே கண்ணாடி. அந்தப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்ததும் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பெறுநர் இடத்தை அவர்களே நிரப்பட்டும்.