விளிம்பு பற்றிய சிந்தனைச் சோதனைகள்

காற்று எங்கே முடிகிறது, அண்டம் எங்கே முடிகிறது என்ற கேள்விகளை மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் கற்பனைகள் இவை. இரண்டும் வெவ்வேறு துறைக் கேள்விகள்தான். ஆனாலும் 1998இல் ஒரு பலூன் இரண்டையும் ஒன்றாகச் சந்திக்க நேர்ந்தது.

இத்தாலியரான டொரிசெல்லி, 1644இல் எழுதிய கடிதமொன்றில், மனிதர்களைக் காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்பவர்களாகக் கண்டார். அப்படியானால் உயரே போகப் போக மேலிருக்கும் காற்றின் பளு குறைய வேண்டும். 1648 செப்டம்பர் 19 அன்று, பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் அக்காள் கணவர் பெரியே, பாதரசக் குழாயோடு பூய் டி டோம் மலையில் ஏறினார். அடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, அதை நாள் முழுக்கக் கவனிக்க ஒரு துறவியை அமர்த்திவிட்டே போனார். உச்சியில் பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. துறவியின் குழாயிலோ மாற்றமே இல்லை.

காற்று முழுவதும் தரைமட்ட அடர்த்தியிலேயே இருந்தால்? கணக்கு எளிது: ஒவ்வொரு சதுர செ.மீ. தரைக்கும் மேலே சுமார் 1.03 கிலோ காற்று இருக்கிறது. அது ஏறத்தாழ 8.4 கி.மீ. உயரத்தில் தீர்ந்துபோகும், எவரெஸ்டின் (8,849 மீ.) உச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் காற்றுக்கு அப்படி ஒரு மேற்பரப்பு கிடையாது, கடல் உவமை தோற்பது இங்கேதான். விண்வெளியின் எல்லையாகச் சொல்லப்படும் 100 கி.மீ. நம் வசதிக்கு இழுத்த கோடு. பூமியைச் சூழ்ந்த மெல்லிய ஹைட்ரஜன் படலம் நிலவையும் தாண்டி நீள்வதாக சோஹோ விண்கலத்தின் தரவுகள் காட்டின.

அண்டத்தின் விளிம்பைச் சீண்டியவர் கி.மு. நான்காம் நூற்றாண்டின் ஆர்க்கிடாஸ். கடைசி எல்லையில் நின்று கையை நீட்டினால் நீளுமா, நீளாதா? நீண்டால் அப்பாலும் இடம் உண்டு. தடுத்தால் தடுக்க அங்கே ஏதோ உண்டு. அழகான பொறி. ஆனால் முடிவுள்ளது என்றாலே விளிம்பு இருந்தாக வேண்டும் என்று அது எண்ணிக்கொள்கிறது. பந்தின் மேல் ஊரும் எறும்புக்குப் பரப்பு அளவுள்ளது, விளிம்போ இல்லை. ரீமான் 1854இல் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். 1917இல் ஐன்ஸ்டைன் அதையே அண்டத்துக்குப் பொருத்தினார்.

வளைவை உள்ளிருந்தபடியே அளக்கவும் முடியும். பந்தின் மேல் வரையும் முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையைத் தாண்டும். வானில் அத்தகைய முக்கோணத்துக்கு அடிப்பக்கம், தொல்லொளியான நுண்ணலைப் பின்னணியிலுள்ள சூடு, குளிர்த் திட்டுகள். தட்டையான அண்டத்தில் அவை சுமார் ஒரு பாகை, அதாவது முழுநிலவைப் போல் இருமடங்கு அகலம் தெரிய வேண்டும். ஆனால் காற்றிலுள்ள நீராவி நுண்ணலைகளை விழுங்கிவிடும். அதனால் பூமராங் என்ற தொலைநோக்கியை அண்டார்டிகாவின் மேல் ஏறத்தாழ 38 கி.மீ. உயரத்துக்குப் பலூனில் ஏற்றினார்கள். காற்றுக் கடலின் பெரும்பகுதி அதற்குக் கீழே போய்விட்டது. 2000இல் வெளியான முடிவு: தட்டை. பிற்காலத்துப் பிளாங்க் விண்கலமும் அதையே இன்னும் நுட்பமாக உறுதிசெய்தது.

தட்டை என்றால் முடிவற்றது என்று பொருளல்ல. பழைய நோக்கியா பாம்பு விளையாட்டில் வலப்பக்கம் மறையும் பாம்பு இடப்பக்கம் தலைகாட்டும். திரையில் வளைவே இல்லை, அதன் உலகமோ சிறியது. அண்டமும் அப்படி மடிந்து, போதிய அளவு சிறியதாக இருந்தால், வானின் வெவ்வேறு திசைகளில் ஒரே திட்டு வரிசையோடு இணை வட்டங்கள் தெரிய வேண்டும். தேடியவர்களுக்கு அவை இதுவரை அகப்படவில்லை.