644-உம் 400-உம்: ஒரு பூட்டின் கதை

பேங்க்காரனுக்கு லினக்ஸில் என்ன வேலை என்று ஓடிவிடாதீர்கள் மக்களே. நான் படித்தது பி.காம். ஆனால் "யார் பார்க்கலாம், யார் எழுதலாம்" என்பதுதான் இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது.

இங்கே வைட்டிலாவில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தில் சேர்ந்தால் ஐ.டி. பாடம் லினக்ஸில்தான். 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் புண்ணியம் (2017 முதல் அதற்குக் 'கைட்' என்று பெயர்). பக்கத்து ஃபிளாட் பையன் ஒருநாள் கேட்டான்: "அங்கிள், திரை வெளிச்சத்துக்கு ஒரு ஃபைல் இருக்கு. திறந்தா நம்பர் தெரியுது, மாத்தினா விடமாட்டேங்குது. ஏன்?"

நல்ல கேள்வி. விடை 1971-க்குப் போகிறது. பெல் லேப்ஸின் முதல் யூனிக்ஸிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் சொந்தக்காரருக்குத் தனி, மற்றவருக்குத் தனி என்று படிக்கும், எழுதும் உரிமை இருந்தது. நடுவில் 'குழு' பிறகு வந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 644 என்றால் சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் பார்க்க மட்டும். பையனின் வெளிச்சக் கோப்பு இந்த ரகம். எழுத வேண்டுமானால் 'ரூட்' வேண்டும். (எங்கள் பாஷையில் மேனேஜர் பாஸ்வேர்டு!)

கருவிகளின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் 'சிஸ்எஃப்எஸ்', பேட்ரிக் மோச்சல் கைவண்ணம். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-உடன் எல்லோர் கணினிக்கும் வந்தது. ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பது விதி. டிரைவர் எழுதுபவர் காட்ட ஒரு ஃபங்ஷன், மாற்ற ஒரு ஃபங்ஷன், கூடவே அனுமதி எண், மூன்றையும் தர வேண்டும்.

தந்தார்கள், சிலர் தாராளமாக. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து கிடந்த கோப்புகளை 2011-ல் வாசிலி குலிகோவ் தேடித்தேடித் திருத்தினார். லெட்ஜரையும் பேனாவையும் கவுண்டருக்கு வெளியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போன கதைதான்! 2014-ல் ரஸ்டி ரஸ்ஸல், அப்படி எழுதினால் நிரல் கம்பைலே ஆகாதபடி ஒரு சோதனையைச் சேர்த்தார். கையைப் பிடித்துத் தடுப்பதுதான் என்னைக் கேட்டால் சரி. சுற்றறிக்கை அனுப்பி எந்தக் கிளை திருந்தியிருக்கிறது?

"பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்குத்தான் 2020. இன்டெல் சிப் எவ்வளவு மின்சக்தி தின்கிறது என்று காட்டும் கோப்பை யாரும் படிக்கலாம் என்று விட்டிருந்தார்கள். வெறும் மீட்டர்தானே! ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் அந்த எண்ணின் ஏற்ற இறக்கத்தை வைத்தே ரகசியச் சாவிகளைக் கறக்க முடியும் என்று நவம்பரில் காட்டிவிட்டார்கள். 'பிளாட்டிபஸ்' என்று பெயர். எழுதவே இல்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். பேங்க்கில்கூட வேலை சம்பந்தமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கைத் திறந்து பார்த்தாலே மெமோ வரும்.

லினக்ஸ்காரர்கள் அந்தக் கோப்பை 400 ஆக்கினார்கள். ரூட் மட்டும் படிக்கலாம். மின் செலவைக் காட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்ன நிரல்கள் சில அதோடு படுத்துவிட்டன. ரூட் அனுமதி கொடுத்தால்தான் எழுந்திருக்கும்.