ஆட்டுக்கொல்லி நோய்: அரசூரில் தொடங்கிய ஆய்வு வரலாறு

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்பாக அரசூர் என்னும் ஊர் இருக்கிறது. அப்பகுதி தென் ஆற்காடு மாவட்டமாக இருந்த 1987ஆம் ஆண்டில், அங்குள்ள செம்மறியாடுகளைக் கொள்ளைநோய் ஒன்று தாக்கியது. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல், அதன்பின் சாவு. நோய்க்குறிகள் புதியவை அல்ல. நோயின் பெயர்தான் அதுவரை தவறாக இருந்தது.

இத்தகைய நோய் ஆடுகளில் தோன்றும்போதெல்லாம் அது 'வெக்கை' என்றே பதிவு செய்யப்பட்டது. வெக்கை மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வைரசு நோய். ஆட்டுக்கும் அது வரும் என்று நம்பக் காரணம் இருந்தது. 1920களில் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் ஜே.டி. எட்வர்ட்சு வெக்கை வைரசை வெள்ளாடுகளின் உடலில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து, மாடுகளுக்கான தடுப்பூசியை உருவாக்கியிருந்தார். ஆட்டின் உடலில் வாழும் வைரசு ஆட்டுக்கு நோயையும் தரலாம் என்று மருத்துவர்கள் கருதியதில் வியப்பில்லை. ஆனால் அந்த எண்ணம், வேறொரு வைரசைப் பல ஆண்டுகள் கண்ணுக்குப் படாமல் மறைத்துவிட்டது.

அந்த வேறு வைரசு ஆப்பிரிக்காவில் முன்பே அறியப்பட்டிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942இல் ஆடுகளைக் கொன்று மாடுகளை விட்டுவைத்த ஒரு நோயைக் கார்கடெனக், லலான் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தனர். தமிழில் ஆட்டுக்கொல்லி நோய் என்று அழைக்கப்படுவது இதுவே. பிரெஞ்சுப் பெயரின் சுருக்கப்படி பி.பி.ஆர். என்றும் கால்நடை மருந்தகங்களில் வழங்குகிறது. வெக்கை வைரசும் இதுவும் மனிதரின் தட்டம்மை வைரசும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வெக்கை வைரசுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் ஆட்டுக்கொல்லி வைரசையும் பற்றிக்கொள்ளும். ஆகவே பழைய குருதிநீர்ச் சோதனைகளால் இரண்டையும் எளிதில் பிரிக்க முடியவில்லை.

அரசூர் நோயை ஆட்டுக்கொல்லி என உறுதிசெய்த ஆய்வு 1989இல் வெளியானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம்.எஸ். ஷைலாவும் உடன் ஆய்வாளர்களும் அதை எழுதினர். இந்தியாவில் இந்நோய் இருப்பதற்கான முதல் சான்று அதுவே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

ஏன் இந்த வேறுபாடு முக்கியமானது?

பெயர் மாற்றம் என்று மட்டும் இதை எடுத்துக்கொண்டால் வரலாற்றின் பாதி தெரியாமல் போகும். இந்தியா 1954 முதல் வெக்கை ஒழிப்புத் திட்டத்தை நடத்தி வந்தது. இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய நிலையம் உட்படப் பல நிலையங்கள் தடுப்பு மருந்தைத் தயாரித்தன. ஒரு நாடு வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்க, முதலில் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். பிறகு நோயும் எதிர்ப்பொருளும் எங்கும் இல்லை என்று காட்ட வேண்டும். ஆடுகளிடம் வெக்கை ஒளிந்திருப்பதாகக் கருதப்படும் வரை அந்தச் சான்றைத் தர இயலாது. மேலும், ஆட்டுக்கொல்லிக்கெனத் தனித் தடுப்பூசி இல்லாத காலத்தில் வெக்கைத் தடுப்பூசியே ஆடுகளுக்கும் போடப்பட்டது. அது ஆடுகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அதே ஊசி, கண்காணிப்புச் சோதனையைக் குழப்பும் எதிர்ப்பொருளையும் ஆடுகளில் விட்டுச்சென்றது.

இந்தச் சிக்கலை மூலக்கூறு ஆய்வு அவிழ்த்தது. இவ்வைரசின் மரபுப்பொருள் ஓரிழை ஆர்.என்.ஏ. அதில் ஏறத்தாழ 16,000 எழுத்துகளும் ஆறு மரபணுக்களும் உள்ளன. 'என்' மரபணுவின் படித்துணுக்குகளைக் கொண்டு இரு வைரசுகளையும் வேறுபடுத்தும் முறை 1980களின் இறுதியில் வந்தது. 1995இல் ஃபோர்சைத், பாரெட் ஆகியோர் பி.சி.ஆர். சோதனையை இதற்குப் பயன்படுத்திக் காட்டினர். நோயுற்ற ஆட்டின் கண் அல்லது மூக்குச் சளியில் இருக்கும் சிறிதளவு ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி, எந்த வைரசு என்று சொல்லிவிடலாம். எதிர்ப்பொருள் உடலில் உருவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்த 1995இல்தான் இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த்தாக்கமும் நிகழ்ந்தது. இடம்: தமிழ்நாட்டின் வட ஆற்காடு மாவட்டம். வெக்கைத் தடுப்பு மருந்து தயாரித்த இராணிப்பேட்டை இருந்ததும் அதே மாவட்டத்தில் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. 2006இல் இந்தியா வெக்கைத் தொற்றற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் ஒழிந்த இரண்டாவது வைரசு நோய் அதுவே.

322 எழுத்துகள்

வைரசைப் பெயரிட்டபின் அதன் பூர்வீகத்தைத் தேடும் வேலை தொடங்கியது. 'எஃப்' மரபணுவில் 322 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் பல நாட்டு வைரசுகளில் படித்து ஒப்பிட்டபோது, நான்கு மரபுவழிகள் தென்பட்டன. முதலிரண்டும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. மூன்றாவது கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் காணப்பட்டது. நான்காவது அப்போது ஆசியாவில் காணப்பட்டது. இந்த ஒழுங்கில் பொருந்தாத ஒன்று தமிழ்நாட்டிலிருந்து வந்தது. 1992இல் இங்கு எடுக்கப்பட்ட 'டி.என். 92/1' என்ற மாதிரி மூன்றாம் மரபுவழியில் போய் அமர்ந்தது. பின்னர் இந்தியாவில் பிரித்தெடுக்கப்பட்ட வைரசுகள் நான்காம் வழியைச் சேர்ந்தவையாக இருக்க, அந்த ஒரு மாதிரி மட்டும் தனித்து நிற்கிறது.

அரசூர் வைரசோ ஆய்வேட்டில் உறங்கவில்லை. அதை உயிரணு வளர்ப்பில் பலமுறை பெருக்கி வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' தடுப்பூசியை உருவாக்கியது. 'கோயம்புத்தூர் 97' மற்றொன்று. இமாச்சலப் பிரதேச வெள்ளாட்டிலிருந்து பெற்ற 'சுங்ரி 96' வைரசைக் கொண்டு இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தன் தடுப்பூசியைத் தயாரித்தது. இவை வந்தபின் வெக்கை ஊசியை ஆட்டுக்குப் போட வேண்டிய தேவை நீங்கியது.

திருச்சி வட்டாரம்

நோயுற்ற ஆட்டின் மூச்சுக்காற்றும் சளியும் அருகிலுள்ள ஆட்டுக்குத் தொற்றைக் கொடுக்கும். ஆகவே பல ஊர் ஆடுகள் ஒன்றாக நிற்கும் சந்தை, வைரசுக்கு வசதியான இடம். அரசூர் வழியாக வரும் அதே நெடுஞ்சாலை திருச்சியை நெருங்கும் இடத்தில் சமயபுரம் ஆட்டுச் சந்தை கூடுகிறது. திருச்சி, பெரம்பலூர்ப் பகுதிகளுக்கு 'திருச்சி கருப்பு' என்ற சொந்தச் செம்மறி இனமும் உண்டு. அதன் முரட்டு மயிர் கம்பளத்துக்கு உதவும். நிலமில்லாத குடும்பத்துக்கு நான்கைந்து ஆடுகளே சேமிப்பு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் வரும்போது ஓர் ஆடு சந்தைக்குப் போகும். ஆட்டுக்கொல்லி பட்டிக்குள் நுழைந்தால் அந்தச் சேமிப்பு ஒரு வாரத்தில் கரைந்துவிடும். ஆதலால், புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்டி வைக்குமாறு கால்நடை மருத்துவர்கள் சொல்கின்றனர்.

2015இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, 2030ஆம் ஆண்டுக்குள் ஆட்டுக்கொல்லியை உலகிலிருந்து ஒழிக்கும் திட்டத்தை ஏற்றது. நோய் முதலில் விவரிக்கப்பட்டதும் அதே நாட்டில்தான்.