தலைசுற்றலும் தடுமாற்றமும்: காரணம் அறிவோம்

ஸஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றினால், நம்மில் பலர் "பித்தம்" என்றோ "வெயில்" என்றோ சொல்லி விட்டுவிடுகிறோம். தலைசுற்றல் தனி நோயல்ல, அது ஓர் அறிகுறி. காரணம் தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

கண், உள்காது, கால் நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் தகவல்களைக் கொண்டே மூளை நம்மை நிலையாக நிறுத்துகிறது. இவற்றில் எது பழுதானாலும் தடுமாற்றம் வரும்.

உள்காது: குனியும்போதும் படுக்கையில் புரளும்போதும் சில விநாடிகள் எல்லாம் சுழன்றால், உள்காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். மருத்துவர் தலையைச் சில கோணங்களில் திருப்பிச் செய்யும் 'எப்லி' முறையிலேயே பெரும்பாலோர் குணமடைகின்றனர். காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் சேர்ந்து வந்தால், அது மெனியர் நோயாக இருக்கலாம்.

ரத்த அழுத்தம்: எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகள் அல்லது அதற்கு மேல் இறங்கினால் கண் இருட்டும். உடலில் நீர் குறைவதும் சில மாத்திரைகளும் இதற்குக் காரணம். நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நோன்புக் காலத்தில் மாத்திரை நேரத்தை மாற்றுவது குறித்து மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்போம்.

நரம்புகள்: நீண்டகாலச் சர்க்கரை நோயாலும் பி12 குறைவாலும் பாதம் மரத்துப்போகும். பஜ்ருக்கு இருட்டில் எழும்போது தடுமாற்றம் அதிகமாகும். விளக்கைப் போட்டுவிட்டு நடப்பது நல்லது.

மூளை: திடீர்த் தடுமாற்றத்துடன் வாய் கோணுதல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பக்கவாதம் என்று கருதி உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

நெய்வேலியில் வாழும் நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சுரங்கத்தின் ராட்சத வெட்டும் எந்திரங்களிலும் அனல்மின் நிலையத்தின் உயரமான தளங்களிலும் ஏறி வேலை செய்வோர், தலைசுற்றலை மறைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போவது உயிருக்கே ஆபத்து. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றே தொழுது விழுந்துவிடாமல், ஒரு நாற்காலியை எடுத்துப் போடுவோம். மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.