சங்கும் ரயிலும்: ஆண்டர்சன்பேட்டையில் பிள்ளை வளர்ப்பின் வரலாறு

பள்ளிப் பிள்ளைகளை வளர்ப்பது குறித்து இன்று வழங்கப்படும் அறிவுரைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது பெற்றோரில் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும். வீட்டுப்பாடம் எழுதுகையில் அருகில் அமர வேண்டும். இரவு உணவைக் குடும்பத்துடன் உண்ண வேண்டும். உறங்குமுன் கதை சொல்ல வேண்டும். பள்ளிக் கூட்டங்களைத் தவறவிடக் கூடாது. இவற்றுள் எதுவும் தவறன்று. ஆயினும் இவை யாவும் மாலை ஆறு மணிக்குள் வேலை முடிந்து வீடு திரும்பிவிடும் குடும்பத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு அத்தகைய மாலைப்பொழுது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாய்க்கவில்லை. அவர்களைப் பார்த்து 'பிள்ளைகள்மீது அக்கறை இல்லாதவர்கள்' என்று சொல்வது எளிது. அந்தக் கூற்று சரிதானா என்பதை வரலாற்றின் துணையோடு பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். அதன் பின்னர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் பெருந்திரளாக வந்து குடியேறினர். அவர்களுள் மிகப் பலர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலமின்மையும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுப் பெயர்த்திருந்தன. சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்களைச் சுற்றி 'லைன்' வீடுகள் எழுந்தன. ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் கடைத்தெருக்களோடு கூடிய குடியிருப்புகளாக வளர்ந்தன.

இவ்வூர்களின் நாளைப் பகுத்தது கதிரவனன்று, சுரங்கத்தின் சங்கு. இரவும் பகலும் ஓயாது நடந்த வேலை ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தந்தை ஒரு வாரம் பகலிலும் மறு வாரம் இரவிலும் கேஜில் ஏறிப் பூமிக்குள் இறங்குவார். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் உறங்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஒருவர் பகலில் உறங்கினால், பிள்ளைகள் தெருவில்தான் இருந்தாக வேண்டும். வாய்விட்டுப் பாடம் படிக்கவும் அங்கு இடமில்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. இந்திய மின்னாற்றல் வரலாற்றில் பெருமையோடு குறிக்கப்படும் ஆண்டு அது. ஆனால் அம்மின்சாரம் எந்திரங்களை இயக்குவதற்காகக் கொண்டுவரப்பட்டது. லைன் வீட்டுப் பிள்ளையின் புத்தகத்துக்காக அன்று.

இவற்றோடு அச்சமும் இருந்தது. பாறை வெடிப்பு நேர்ந்தால் தரைமேல் உள்ள வீடுகளும் அதிரும். அந்த அதிர்வின் பொருளை இவ்வூர்ப் பிள்ளைகள் சிறு வயதிலேயே அறிந்திருந்தனர். பாறைத்தூளால் வரும் சிலிக்கோசிஸ் நோய் பல வீடுகளில் தந்தையரை முன்கூட்டியே முதுமைப்படுத்தியது. ஆகவே பிள்ளை வளர்ப்பு, தாய் தந்தை இருவரால் மட்டும் நடத்தப்படும் காரியமாக இங்கு இருக்க இயலவில்லை. பாட்டி, அத்தை, எதிர்வீட்டு அக்கா, லைனில் இருந்த முதியவர் என்று பலரும் அதைப் பகிர்ந்துகொண்டனர்.

அத்தகைய பகிர்வு அக்கம்பக்கத்து உதவியோடு நின்றுவிடவில்லை என்பதுதான் தங்கவயலின் தனிச்சிறப்பு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றின. 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர் பெருந்துணையாக விளங்கினர். 1914-இல் அவர் மறைந்த பிறகு, 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்து வெளியிட்டது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் மாலையில் இதழ் வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரைப் படிக்கச் சொல்லி, சூழ அமர்ந்து கேட்ட ஊர் இது.

பிள்ளை வளர்ப்போடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. தலைமுறை தலைமுறையாகத் திண்ணைப் பள்ளிகளில் முதல் பாடமாக இருந்தது ஔவையின் ஆத்திசூடி. பண்டிதர் அதனை 'ஆத்திச்சுவடி' என்று கொண்டு, பௌத்த அறநூலாக விளக்கி உரை எழுதினார். அவ்வுரையோடு உடன்படுவதும் மாறுபடுவதும் வேறு. எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. திண்ணையில் அமர இடம் மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு, அந்த முதல் பாடமே உங்கள் முன்னோருடையது என்று சொல்லப்பட்டது. தன் மதிப்பை இழக்காமல் பிள்ளை வளர வேண்டும் என்பது அதில் அடங்கிய அறிவுரை. அதைக் கொண்டு சேர்த்தது தனித்தனிப் பெற்றோரன்று, சங்கமும் இதழும் வாசிப்புக் கூட்டமும்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது; 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது; 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு நின்றது. அதனுடைய இடத்தை ரயில் பிடித்துக்கொண்டது.

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். விடியுமுன் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் ஏறிச் செல்கின்றனர். கட்டட வேலை, வீட்டு வேலை, காவல் பணி, கடை, தொழிற்சாலை, அலுவலகம் என எல்லா வகை வேலைகளுக்கும் இங்கிருந்து ஆள் போகிறது. ஒரு வழிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு மணிக்கு வேலை முடிப்பவர் வீட்டை அடைய இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். பிள்ளை எழுமுன் புறப்பட்டு, பிள்ளை உறங்கும் வேளையில் திரும்பும் பெற்றோரின் வாரம் இது. சுரங்கக் காலத்தில் தந்தைதான் பூமிக்கடியில் இருந்தார். இப்போது தாயும் வண்டியில் இருக்கிறாள். 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்ற பழமொழியைச் சொல்லி அவளைக் குறைகூறுவோர், அவள் காலை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினாள் என்று கேட்பதில்லை.

இவர்களுக்கு ஓயாமல் சொல்லப்படும் மற்றோர் அறிவுரை மொழி பற்றியது: 'வீட்டில் பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசுங்கள்.' மொழியியல் படித்தவள் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. இங்குள்ள பிள்ளை வீட்டில் தமிழும், பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் கன்னடமும், கடைத்தெருவில் தெலுங்கும் உருதும், பாடநூலில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறது. பன்மொழிச் சூழல் பிள்ளையின் அறிவைக் குழப்புவதில்லை. ஒரு மொழியில் பெற்ற சிந்தனைத் திறன் மற்ற மொழிகளுக்கும் துணைநிற்கும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979-இல் முன்வைத்த கருதுகோள், இன்றும் பன்மொழிக் கல்வி ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்று. நடந்ததை வரிசையாகச் சொல்லுதல், காரணம் கூறுதல், ஐயம் எழுப்புதல் ஆகியவற்றைத் தமிழில் நன்கு பழகிய பிள்ளை, அவற்றை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் செய்யக் கற்றுக்கொள்ளும். தாய்க்குச் சரளமாக வராத மொழியில் அவள் பேச முயன்றால், கட்டளைகள் மட்டுமே மிஞ்சும், உரையாடல் மறைந்துவிடும். நாளுக்கு அரைமணி நேரமே கிடைக்கும் வீட்டில் அது பேரிழப்பு.

சட்டமும் இதில் பெற்றோர் பக்கமே நிற்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. கர்நாடக அரசின் பயிற்றுமொழிக் கொள்கை தொடர்பான வழக்கில், ஒரு பிள்ளையின் தாய்மொழி எது என்பதைக் கூறும் உரிமை பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ உரியது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

எனவே ஆண்டர்சன்பேட்டைக்கு ஏற்ற அறிவுரையை அதன் வரலாற்றிலிருந்தே எடுக்கலாம். பிள்ளை பள்ளிவிட்டு வரும் வேளையில் தாய் தந்தைதான் இருக்க வேண்டும் என்பதில்லை. யார் இருப்பார் என்பது பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாட்டியையோ அத்தையையோ பள்ளி ஆசிரியருக்கு அறிமுகப்படுத்தி வையுங்கள். ஆங்கிலப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க இயலாவிட்டால், 'இன்று என்ன படித்தாய், எனக்குத் தமிழில் சொல்' என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்ததும் தெரியாததும் அப்போது பிள்ளைக்கே விளங்கும். விடுமுறை நாளில் ஒரு வேளையேனும் எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். வாரநாள் இரவில் பிள்ளை உறங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்; அதற்கு உறக்கமே முதல் தேவை.

மீதிப் பொறுப்பு பெற்றோருடையதன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும்; குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அக்குழு வேலைநாளின் நண்பகலில் கூடினால், வண்டியில் போகிறவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை. மாலை ஏழு, எட்டு மணிவரை பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஒரு வாசிப்பறை, அதைத் திறந்துவைக்க ஒரு பொறுப்பாளர் என்பன தங்கவயலுக்குப் புதியவை அல்ல. நூறாண்டுக்கு முன் சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்தே வாசிப்பை வளர்த்த ஊர் இது.

இப்பெற்றோரிடம் குறைவாக இருப்பது நேரம். அதை எடுத்துக்கொண்டது முதலில் சுரங்கம், இப்போது பயணம். அக்கறை குறைந்ததற்கு இவ்வூர் வரலாற்றில் நான் சான்று காணவில்லை. தங்கவயலில் இன்று பணியாற்றும் ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படிப்பீர்களாயின், பள்ளிக்கு வராத பெற்றோரைப் பற்றி முடிவுசெய்யுமுன் அவர் எந்த வண்டியில் போய் எந்த வண்டியில் திரும்புகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.